கோபுரத்துக்குப் பின்னால் வெயில்

1976 ஜூன் 12, சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு யன்னலுக்கு வெளியே மாட்டியிருந்த வெப்பமானி ஆறு பாகை காட்டியது. காற்று இல்லை. மூடுபனி. வாசலில் நின்று பார்த்தபோது எதிர்ச்சாரியில் ஆறாவது வீட்டு வேலி வரைதான் கண் போயிற்று; தெருமுனைத் தபால் பெட்டி தெரியவில்லை. ஏழே காலுக்குச் சவரம். ஏழரைக்குச் சுவாமி படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசினேன். ஏழே முக்காலுக்கு அந்த வாரத்துச் சட்டைகள் ஐந்தையும் வாளியில் ஊறவைத்தேன். எட்டு மணிக்குக் குசினியில் தேநீர்.

இவை அன்றைய நாட்குறிப்பில் உள்ளபடியே. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. மெல்பேணில், பிரன்ஸ்விக் பகுதியில், ஒரு செங்கல் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். நகரின் கழிவுநீர்க் குழாய்கள் மண்ணுக்குள் எங்கெங்கே போகின்றன என்று வரைபடம் வரையும் அலுவலகத்தில் வேலை. இலங்கையிலும் இருபத்திரண்டு ஆண்டுகள் வரைபடம் வரைந்தவன்தான். அங்கே காணிகளும் குளங்களும், இங்கே குழாய்கள். பேனாவும் தாளும் ஒன்றே.

என் மனைவி யாழ்ப்பாணத்தில் ஒரு கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் முன்னால் வருவது, வேலை நிலைத்ததும் அவள் வருவது என்பது ஏற்பாடு. 1975 பெப்ரவரி தொடக்கத்தில் வந்தேன். மூன்று மாதத்தில் வேலை நிலைத்தது. அவளுக்கான குடிவரவுப் படிவங்களை நானே நிரப்பி, கையெழுத்து இட வேண்டிய இடங்களில் பென்சிலால் சிறு புள்ளி வைத்து அனுப்பினேன். அவள் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு வருடமாகியும் படிவங்கள் திரும்பி வரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு அவளுக்குக் கடிதம் எழுதுவேன். மேல் மூலையில் எண் இடுவேன். அடியில் கரித்தாள் வைத்து ஒரு நகல் எடுத்துக்கொள்வேன்.

முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை, அவளிடமிருந்து நீல நிற வான்கடிதம் வந்திருந்தது.

வீட்டின் முன்னறையில் இருந்தவர் திருச்சிக்காரர், மின்பொறியாளர், என்னைவிட எட்டு வயது இளையவர். திங்கட்கிழமை பிரித்தானிய அரசியாரின் பிறந்தநாள் விடுமுறை. மூன்று நாளுக்கும் இரண்டு நண்பர்களோடு காரில் சிட்னிக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்தார். குசினியில் என்னைக் கண்டதும் முதல் கேள்வி கடிதம் பற்றித்தான்.

“என்ன சார், நேத்து நீலக் கவர் வந்துச்சே. வீட்ல என்ன சொல்றாங்க?”

“அந்தப் படம் பின்னேரமாம்.”

“எந்தப் படம்?”

“நான் சனிக்கிழமையிலை ஓவியக்கூடத்துக்குப் பார்க்கப் போற படம். அதின்ரை தபாலட்டை ஒண்டை அவவுக்கு அனுப்பினனான். நான் காலமை எண்டு எழுதினனான். அவ பின்னேரம் எண்டு எழுதியிருக்கிறா.”

அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தினார். “சார். அவங்க வர்றாங்களா இல்லையா? அதச் சொல்லுங்க.”

“அது முடிவா எழுதேல்லை. அங்கை பள்ளிக்கூடத்திலையும் அவவிட்டை ஒரு முடிவு கேட்டிருக்கினமாம்.”

“நீங்க என்னன்னு எழுதியிருந்தீங்க?”

“எந்தெந்த இடத்திலை கையெழுத்து வைக்கவேணும், எந்தப் பிரதியை எங்கை அனுப்பவேணும், பெட்டி எவ்வளவு பாரம் கொண்டுவரலாம், விமான நிலையத்திலையிருந்து வீட்டுக்கு எந்த பஸ், எந்த ட்ராம், எல்லாம் விவரமா எழுதினனான்.”

“அதெல்லாம் கவர்மெண்டே அச்சடிச்சு அனுப்பும் சார்.” அவர் சிரித்தார். “நான் என்ன எழுதினேன் தெரியுமா? நான் வெக்கிற ரசத்த என்னாலயே குடிக்க முடியல, நீ வரலேன்னா இங்க ஆள் மிஞ்சமாட்டான்னு எழுதினேன். அடுத்த தபால்லயே பதில். ஆகஸ்ட்ல வர்றா.”

“எனக்கு அப்பிடி எழுத வராது.”

“ட்ராம் டைம்டேபிள் மட்டும் எழுத வருமாக்கும்.” கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். “எப்பத்துக்குள்ள முடிவு சொல்லணுமாம்?”

“இந்த மாசம் முடியிறதுக்குள்ளை.”

“அப்ப தந்தி அடிங்க.”

“தந்தி போனால் ஆரோ செத்துப்போச்சினம் எண்டு ஊர் கூடிவிடும்.”

வெளியே கார் ஒலி எழுப்பியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். “திங்கக்கிழமை ராத்திரி வந்துருவேன். வாசல் லைட்ட போட்டு வைங்க சார். போன தடவ படியில விழுந்தேன்.”

“ஓம், போட்டு வைக்கிறன். கவனமாப் போய் வாங்கோ.”

அவர் மனைவி ஆகஸ்டில் வந்தால் அவர்களுக்கு வீடு முழுவதும் தேவைப்படும். நான் வேறு அறை பார்க்க வேண்டியிருக்கும். இதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சட்டைகளை அலசிக் கொடியில் போட்டேன். அந்தப் பனியில் அவை காயாது என்று தெரியும். சனிக்கிழமை துவைக்கும் நாள். பத்து மணிக்குக் கடைக்குப் போனேன். அந்த நாட்களில் சனி நடுப்பகலோடு கடைகள் மூடிவிடும். அதன் பிறகு திங்கள் காலைவரை மெல்பேண், ஆட்கள் வெளியூர் போய்விட்ட வீடு மாதிரி இருக்கும். அந்த வாரம் செவ்வாய்வரை. அரிசி, வெங்காயம், பால், இரண்டு தக்காளி. பன்னிரண்டு மணிக்குச் சோறும் பருப்பும். ஒரு மணிக்கு வெப்பமானி பதினொரு பாகை. ஒன்று இருபதுக்கு ட்ராம்.

ட்ராமில் கடிதத்தை மறுபடியும் எடுத்து வாசித்தேன்.

“உங்கட படம் கிடைச்சது,” என்று தொடங்கியிருந்தாள். “நல்ல படம். ஆனால் காலமை எண்டு எழுதியிருக்கிறீங்கள். அது பின்னேரம். கோபுரத்தைக் கண்டவுடனை உங்களுக்குக் கிழக்கு எண்டு ஒரு எண்ணம். அது எங்கட கோயில். படத்திலை இருக்கிறது கிறிஸ்தவ ஆக்களின்ரை வேதக்கோயில், அதிலை பூசைப் பீடம்தான் கிழக்குப் பக்கம். கோபுரமும் வாசலும் மேற்கை. பதினேழு வருஷமா வேதக்கோயிலுக்குப் பக்கத்து வகுப்பிலை நிண்டு படிப்பிக்கிறன். வெயில் அதின்ரை வாசலாலை உள்ளை போனால் மணி அடிக்கப்போகுது எண்டு பிள்ளையளுக்குத் தெரியும், உடனை புத்தகம் அடுக்கத் தொடங்கிவிடுவினம். உங்கட படத்திலை வெயில் கோபுரத்துக்குப் பின்னாலை நிக்குது. ஆனபடியால் பொழுதுபடுகுது.

“படிவம் மேசை லாச்சியிலைதான் கிடக்குது. இஞ்சை உப அதிபர் ஓய்வு பெறுகிறா. அந்த இடத்துக்கு என்னைக் கேட்டிருக்கினம். ஜூன் முடியமுதல் ஓமோ இல்லையோ சொல்லவேணும். ஓம் எண்டு சொன்னால் பிறகு விட்டிட்டு வர ஏலாது. உங்கட அறுபத்தெட்டுக் கடிதமும் நம்பர்ப்படி அடுக்கி வைச்சிருக்கிறன். நேற்று எல்லாத்தையும் திருப்பி வாசிச்சனான். நான் என்ன மாதிரி வரலாம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். வரவேணும் எண்டு ஒண்டிலையும் எழுதேல்லை. என்னத்துக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே படத்தைப் போய்ப் பார்க்கிறீங்கள் எண்டும் எழுதேல்லை.”

கீழே அவளுடைய கையெழுத்து. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

நேர்மையாக எழுதுவதானால், அந்தக் கடிதத்தில் முதலில் என்னை உறுத்தியது இரண்டாம் பகுதி அல்ல, முதலாவதுதான். இருபத்திரண்டு ஆண்டு திசைகாட்டியோடு வேலை செய்தவனுக்குத் திசை பிழைத்துவிட்டது என்கிறாள், அதுவும் ஒரு தபாலட்டையை வைத்துக்கொண்டு. பிரன்ஸ்விக் அறையில் சுவாமி படத்தை மாட்டிய அன்றுகூட, சட்டைப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து, கிழக்குப் பார்க்கும்படி மேற்குச் சுவரில் ஆணி அடித்தவன் நான். அவள் பிழை என்று காட்ட வேண்டும் என்றுதான் அன்று போனேன். பையில் அளவுத்தாளும் இரண்டு பென்சிலும் இருந்தன.

அந்தப் படத்தை நான் கண்டது மழையால். 1975 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, மூடிய கடைகளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்தது. ஆற்றுக்கு அப்பால் நகரத்து ஓவியக்கூடம் திறந்திருந்தது. உள்ளே சூடாக இருந்தது. இரண்டாவது மாடியில், போன நூற்றாண்டு இயற்கைக் காட்சிகள் உள்ள அறையில், நடுவே ஒரு தோல் இருக்கை. அதில் உட்கார்ந்தபோது எதிரே இருந்தது அந்தப் படம்.

ஆங்கிலேய ஓவியர் ஒருவருடையது. நான்கடி அகலம், மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த உயரம் இருக்கலாம். நான் அளவுகோலை வெளியே எடுத்தபோது மூலையில் இருந்த காவலாளர் எழுந்து வந்துவிட்டார். ஆகவே திட்டமாகச் சொல்ல முடியாது. முன்னால் இருண்ட ஆற்றங்கரை. கரையில் ஒரு பெண், இடுப்பில் மூட்டை, காலடியில் நாய். ஆற்றின் நடுவில் ஓர் ஓடம். அக்கரையில் கூரையும் பக்கச் சுவரும் விழுந்த ஒரு பழைய தேவாலயம், சாய்வாக. இடது பக்கம், தூர முனையில் கோபுரம்; வலது பக்கம், கிட்டிய முனையில் கண்ணாடி இல்லாத உயரமான யன்னல். கோபுரத்தின் அடியில் ஒரு குடிசை. சூரியன் கோபுரத்துக்கு நேர் பின்னால், தாழ்வாக. படம் முழுவதும் பனிமூட்டம், மஞ்சளும் பழுப்பும் கலந்து. அதற்கும் பின்னால் மலைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று வரிசை. கடைசி வரிசை ஏறக்குறைய வானமே.

முதல் நாள் எனக்கு அது எரிச்சலைத்தான் தந்தது. கோபுரம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என் தொழிலில் எல்லாவற்றுக்கும் விளிம்பு உண்டு. பக்கத்துக் குழாயும் இரண்டு மைல் தள்ளியுள்ள குழாயும் ஒரே தடிப்பில், ஒரே கறுப்பில் இருக்க வேண்டும். தூரத்தில் இருப்பதால் மங்கலாக வரைந்தால் மேலாளர் தாளைத் திருப்பி அனுப்புவார். கயிற்றுத் தடுப்பு விட்ட அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கோபுரத்தின் பழுப்புக்கும் வானத்தின் மஞ்சளுக்கும் நடுவில், இரண்டும் அல்லாத மூன்றாவது ஒரு நிறம் இருந்தது. அது கல்லின் நிறமும் அல்ல, வெயிலின் நிறமும் அல்ல. இரண்டுக்கும் இடையில் உள்ள காற்றின் நிறம் என்று புரிய எனக்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின.

எங்கள் வரைபடங்களில் காற்று கிடையாது. அதை நான் அதற்கு முன் யோசித்ததும் இல்லை. யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை. தூரம் போகப்போக ஒரு பொருள் நீலமாகும் என்பதைப் பார்க்க இடமில்லாத சமதரை. மெல்பேணிலும் கோடைக் காலத்தில் தூரத்து மலை பக்கத்தில் இருப்பதுபோல் கூர்மையாகத் தெரியும். ஒரு நாள் அலுவலகத்தில் பழைய வரைபடம் ஒன்றின் மேல் ஊடுதெரி தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு தாளில் அடியில் உள்ள கோடு சாம்பலானது. மூன்றாவது தாளில் அது இருக்கிறதென்று தெரிந்தது, எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. ஓவியர் செய்ததும் இதுதான் என்று ஊகித்தேன். பிறகு கூடத்தின் நூலகத்தில் ஒரு கையேட்டில் பார்த்தபோது ஊகம் சரியாக இருந்தது: எண்ணெயில் மிக மெல்லிதாகக் கரைத்த நிறத்தை, அடியில் உள்ளது காய்ந்த பிறகு மேலே பூசி, அது காய்ந்த பிறகு இன்னொன்று. சூரியன் இருக்கும் இடம்கூட வெள்ளை அல்ல. ஒரு வெள்ளைத் தாளை அருகே பிடித்தால் அது அழுக்கு மஞ்சளாகத்தான் தெரியும். சுற்றியுள்ளவற்றை இருட்டாக்கி அதை வெளிச்சமாக்கியிருக்கிறார்.

இவை எல்லாம் நாட்குறிப்பில் உள்ளன. ஒவ்வொரு சனிக்கிழமைப் பதிவும் “காலைப் படம்” என்றே தொடங்குகிறது. அது காலை என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கோபுரத்துக்குப் பின்னால் சூரியன். கோபுரம் கிழக்கு வாசல். பிறந்த நாள் முதல் பார்த்த எந்தக் கோயிலும் அப்படித்தான். அந்தப் பெண் எங்கோ புறப்பட்டு ஓடத்துக்கு நிற்கிறாள் என்று வைத்துக்கொண்டேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் வெயில் ஏறும், பனி விலகும், மலைகளுக்கு விளிம்பு வரும். சில சனிக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து அதற்காகவே காத்திருப்பதுபோல் இருந்திருக்கிறேன். ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டு எழும்பி வருவேன்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி பத்து நிமிடம். காவலாளர் அவருடைய மூலைக் கதிரையில் இருந்தார். அறுபது வயது தாண்டிய ஆஸ்திரேலியர், நரைத்த மீசை, ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பார். எங்கள் பேச்சு எப்போதும் ஆங்கிலத்தில், எப்போதும் ஐந்தாறு வாக்கியங்கள். அந்த ஐந்தாறும் எனக்கு வீட்டுக்கு வெளியே சனிக்கிழமையின் பேச்சு முழுவதும். ட்ராம் நடத்துனரிடம் சொல்லும் நன்றியைச் சேர்க்காவிட்டால்.

“பத்து நிமிடம் பிந்திவிட்டீர்கள்,” என்றார். “படம் போய்விட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன்.”

நான் இருக்கையில் உட்கார்ந்து, அளவுத்தாளில் தேவாலயத்தின் தரைப்படத்தை வரையத் தொடங்கினேன். பக்கவாட்டுத் தோற்றத்திலிருந்து தரைப்படம் எடுப்பது எனக்குப் பழக்கம். கோபுரத்தில் பெரிய கதவு வளைவு. நடுவில் நீண்ட மண்டபம். வலது முனையில் அந்த உயர்ந்த யன்னல். அதன் கீழே சுவரை ஒட்டி, இரண்டு படி ஏறி, உடைந்த கல்மேடை. அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இடிந்து விழுந்த கல் என்று. தாளில் வரைந்த பிறகுதான் தெரிந்தது, விழுந்த கல் படிக்கட்டோடு விழாது. அது பீடம். பீடம் கிழக்கு என்றால் கோபுரம் மேற்கு.

தாளை மடித்துப் பையில் வைத்தேன். அவள் சொன்னது சரி. ஆனாலும் எழும்பவில்லை. மாலை என்று தெரிந்த பிறகு படத்தில் வேறென்ன மாறுகிறது என்று, வரைபடத்தைச் சரிபார்ப்பதுபோல், இடது மேல் மூலையிலிருந்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்தேன். பனி விலகப் போவதில்லை, இன்னும் கூடும். மலைகள் தெளியப் போவதில்லை, அணையும். அந்தப் பெண் புறப்படவில்லை, திரும்புகிறாள். ஓடம் அவளை எங்கும் கொண்டுபோக வரவில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போக வருகிறது.

பிறகு குடிசை. கோபுரத்தின் அடியில், நம்மைப் பார்த்த சுவரில், ஒரு சிறு யன்னல். அதில் மிளகளவு செம்மஞ்சள் புள்ளி ஒன்று உண்டு. “ஆற்றில் பட்டுத் தெறித்த வெயில்” என்று 1975 ஆகஸ்டில் குறித்திருக்கிறேன். சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கிறது. நம்மைப் பார்த்த சுவர் முழு நிழலில். ஆற்றில் தெறித்து வந்திருந்தாலும் ஆற்றின் வெளிறிய மஞ்சளில்தான் வர வேண்டும். இந்தப் புள்ளி சிவப்பு. படம் முழுவதிலும் அந்தச் சிவப்பு வேறெங்கும் இல்லை. அது வெயில் அல்ல. அது விளக்கு. உள்ளே யாரோ இருக்கிறார்கள். அவள் வருவாள் என்று ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

ஒரு வருடத்துக்கு மேலாக நான் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று குறிக்கவில்லை. காவலாளர் காலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். வழக்கமாக நான் போகும் நேரம் தாண்டியிருக்க வேண்டும்.

“இது மாலை,” என்றேன். “காலை என்று உங்களிடம் சொன்னது பிழை.”

“எனக்கு அது எப்போதும் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னால்தான். இன்னும் கொஞ்சத்தில் மணியை ஆட்டி எல்லோரையும் வெளியே அனுப்பலாம்.” படத்தைப் பார்த்தார். “யார் சொன்னது மாலை என்று? புத்தகமா?”

“என் மனைவி.”

அவர் படத்தை விட்டு என்னைப் பார்த்தார். “உங்களுக்கு மனைவி இருக்கிறாரா?”

“இருக்கிறார்.”

“எங்கே?”

“இலங்கையில். தபாலட்டை அனுப்பினேன். அதைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.”

“அங்கே இருந்துகொண்டே.” தலையை ஆட்டினார். “நல்ல கண். அவரை இங்கே வேலைக்கு வைக்கலாம். ஒரு வருடமாக வருகிறீர்கள். உங்கள் ஊர் வெப்பநிலை, குழாய்களின் விட்டம் எல்லாம் எனக்குத் தெரியும். நீங்கள் தனி ஆள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.”

“அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்,” என்றேன்.

இதை ஏன் அவரிடம் சொன்னேன் என்று தெரியாது. அவர் இருக்கையின் மறு முனையில் உட்கார்ந்து, நோவு கண்ட காலை நீட்டிக்கொண்டார். வேலை நேரத்தில் அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இருவரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விளக்கை அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “அடப்பாவி, பதினொரு வருடமாகக் காவல் நிற்கிறேன்,” என்றார். பிறகு எழும்பிப் போய் மணியை எடுத்தார்.

வெளியே வந்தபோது ஐந்து மணி. பாலத்தில் என்னைத் தவிர ஒருவர்தான், எதிரே சைக்கிளில். ஆற்றின் மேல் பனி மறுபடியும் கூடத் தொடங்கியிருந்தது. மேற்கே ரயில் பாதைகளுக்கு அப்பால் வானம் படத்தில் உள்ள அதே அழுக்கு மஞ்சள். கட்டடங்களின் விளிம்புகள் கரைந்துகொண்டிருந்தன. அதை நின்று பார்க்காமல் நடந்தேன். மனதுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஞாயிறு தபால் இல்லை. திங்கள் விடுமுறை. செவ்வாய் பதினைந்தாம் தேதி புறப்பட்டால், பத்து முதல் பன்னிரண்டு நாள். இருபத்தைந்து, இல்லாவிட்டால் இருபத்தேழு. போதும். ஒரு தடவைக்குத்தான் போதும். அவள் கேட்க, நான் விளக்க, மறுபடி அவள் கேட்க நேரம் இல்லை.

வீட்டுத் தெருவில் இறங்கியபோது ஐந்து ஐம்பது. நன்றாக இருட்டிவிட்டது. இரண்டு சாரியிலும் யன்னல்களில் வெளிச்சம். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. திருச்சிக்காரர் இருந்தால் அவர் முன்பே வந்து எல்லா விளக்கையும் போட்டு வைத்திருப்பார். மின்பொறியாளர் மின்சாரத்தை வீணாக்கலாமா என்று நான் கேட்பதுண்டு. இருட்டில் சாவித் துவாரத்தைத் தேட இரண்டு நிமிடம் ஆயிற்று. உள்ளே போனதும் வாசல் விளக்கைப் போட்டேன். அவர் திங்கள் இரவுதான் வருவார் என்பது நினைவில் இருந்தது. அணைக்கவில்லை.

ஈரச் சட்டைகளை எடுத்துக் குசினிக் கதிரைகளின் முதுகில் விரித்தேன். மேசையைத் துடைத்தேன். வான்கடிதத் தாள் ஒன்றை எடுத்து வைத்தேன். சனிக்கிழமையில் நான் கடிதம் எழுதியதில்லை. மேல் மூலையில் எழுபத்திரண்டு என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோய், எழுதாமல் விட்டேன். கரித்தாளை எடுக்க லாச்சியைத் திறந்து, அதையும் மூடினேன். கரித்தாள் வைத்தால், நகலை வாசிக்கப் போகிறவனுக்காகவும் எழுதத் தொடங்கிவிடுவேன்.

அதனால் அந்தக் கடிதத்துக்கு என்னிடம் நகல் இல்லை. படத்தில் விளக்கு இருப்பதை எழுதினேன், தபாலட்டையில் அது அச்சாகவில்லை என்பதையும். இந்த வீட்டுக்கு இருட்டில் வந்து சாவித் துவாரம் தேடியதை எழுதினேன். என்னத்துக்கு ஒரே படத்தைப் பார்க்கிறேன் என்ற கேள்விக்கு, வேறு போக இடம் இல்லை என்று எழுதினேன். அதைத் தொடர்ந்து, தாளின் மடிப்பு ஓரத்தில் நெருக்கி எழுதியது நாலைந்து வரி. அவற்றைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் அவளிடம்தான் கேட்க வேண்டும். நம்பர்ப்படி அடுக்கிய கட்டோடு அவள் அதை வைக்கவில்லை, வேறு எங்கோ வைத்திருக்கிறாள்.

ஏழரைக்கு மடித்து ஒட்டினேன். எட்டுக்கு மத்தியானச் சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். ஒன்பதரைக்குப் படுத்தேன்.

ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை. கண் விழித்தபோது ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. யன்னலுக்கு வெளியே வெப்பமானியைப் பார்க்கவில்லை. முகம் கழுவவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்கு மேலே நீண்ட கோட்டைப் போட்டுக்கொண்டு, கடிதத்தோடு பனிக்குள் நடந்து, தெருமுனைப் பெட்டியில் அதைப் போட்டேன். செவ்வாய்க்கிழமை வரை அந்தப் பெட்டியைத் திறக்கமாட்டார்கள் என்று தெரியும். அது வீட்டில் இருந்தால் எடுத்துத் திருத்திவிடுவேன்.